‘அம்மா’ என்று அடித்தால் ‘க்யூ’ வருகிறதே!

பாரிஸுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் வாசகி ஒருவர் இந்தத் தடவை எழுதியிருக்கிறார். கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருஷம். கையில் எட்டு மாதக் குழந்தை. “காலேஜில் படிக்கும்போது கீபோர்டைப் பார்க்காமலே மளமளவென்று அடிப்பேன். இங்கே அவருடைய லேப்டாப்பில் உட்கார்ந்தால் என் பெயரைக்கூட ஒழுங்காக அடிக்க வரவில்லை. குழந்தைக்கு டாக்டரிடம் நேரம் வாங்க வேண்டுமென்றால்கூட அவர் ஆபீஸிலிருந்து வரும்வரை காத்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவள் மாதிரி ஆகிவிட்டேன். ஊரிலிருந்து ஒரு கீபோர்டு வாங்கி அனுப்பச் சொல்லட்டுமா?” என்று கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள் சகோதரி! கீபோர்டுக்குப் பார்சல் செலவு செய்வதற்கு முன்னால் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். பிள்ளைப்பேறு பார்க்கவும், பேரன் பேத்தியைப் பார்க்கவும் அந்தப் பக்கம் போகிற அம்மாக்களுக்கும் இது உபயோகப்படும்.

நம் ஊர் கீபோர்டில் எழுத்து வரிசை க்யூ, டபிள்யூ, ஈ, ஆர் என்று ஆரம்பிக்கும். 1874-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஷோல்ஸ் என்பவரின் டைப்ரைட்டர் வழியாகப் பரவிய வரிசை அது. பிரான்ஸிலோ முதல் வரிசை ஏ, இஸட், ஈ, ஆர் என்று ஆரம்பிக்கிறது. ஏ இருக்க வேண்டிய இடத்தில் க்யூ, க்யூ இடத்தில் ஏ. டபிள்யூவும் இஸட்டும் அதே மாதிரி இடம் மாறிக்கொண்டிருக்கும். எம் மட்டும் கீழ் வரிசையிலிருந்து கிளம்பி, நடு வரிசையில் ‘எல்’லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அது காலி செய்த இடத்தில் கமா.

அதனால்தான் பழக்க தோஷத்தில் இங்கிலீஷ் எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்தால் க்யூ, கமா, கமா, க்யூ என்று வந்து நிற்கிறது! நம் பெண்களின் பெயர்களில்தான் ஏ-வும் எம்-மும் ஜாஸ்தியாயிற்றே. கமலா, மாலா, அமுதா யாரும் தப்ப முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? மாறியிருப்பது ஐந்தே எழுத்துக்கள். மற்ற 21-ம் அதே இடத்தில்தான் இருக்கின்றன. எஃப், ஜே இரண்டின் மேலும் விரலுக்குத் தட்டுப்படும் சின்ன மேடுகூட அப்படியே இருக்கும். ஆக, படித்த படிப்பு எங்கேயும் போய்விடவில்லை.

எழுத்தைவிடத் தொல்லை கொடுப்பவை எண்களும் குறிகளும்தான். மேல் வரிசையில் எண் வேண்டுமென்றால் ஷிப்ட்டை அழுத்திக்கொண்டு அடிக்க வேண்டும். சும்மா தட்டினால் பிரெஞ்சு எழுத்தும் குறியும்தான் வரும். முற்றுப்புள்ளிக்கும் ஷிப்ட் வேண்டும். கமாவுக்கு அடுத்த கட்டையில் இருக்கிறது. ஈமெயில் முகவரி நடுவில் வரும் ‘அட்’ குறிக்கு, ஸ்பேஸ் பாருக்கு வலது பக்கம் உள்ள ஆல்ட்-ஜிஆர் கட்டையை அழுத்திக்கொண்டு பூஜ்யத்தைத் தட்டுங்கள். இது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு. ஆப்பிளில் அந்தக் குறிக்குத் தனிக் கட்டையே உண்டு.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கட்டையின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது! ‘இத்தனாவது வரிசையில் இத்தனாவது கட்டையை அழுத்தினார்கள்’ என்ற தகவல் மட்டும்தான் உள்ளே போகிறது. அதற்கு எந்த எழுத்தைப் போடுவது என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் ஏற்பாடு. அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். கிண்ணத்தின் மேல் ‘சீரகம்’ என்று சீட்டு ஒட்டிவிட்டு உள்ளே சோம்பைக் கொட்டி வைத்தால், கைக்குக் கிடைப்பது சோம்புதானே?

ஆகவே ஊரிலிருந்து கீபோர்டு வரவழைத்து மாட்டினாலும், உள் ஏற்பாடு பிரெஞ்சில் இருக்கும்வரை ஏ-யைத் தட்டினால் க்யூதான் வரும். உள் ஏற்பாட்டை மாற்றிவிட்டாலோ, இருக்கிற பிரெஞ்சு கீபோர்டே நம் ஊர் கீபோர்டாக வேலை செய்யும். செலவு ஒரு காசு கிடையாது.

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நேரம், மொழி என்ற பகுதிக்குப் போய், இங்கிலீஷ் மொழியைச் சேர்த்து, அதில் ‘யு.எஸ்.’ கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். ‘யு.கே.’ வேண்டாம், அதில் ‘அட்’ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறியிருக்கும். மெனுவெல்லாம் பிரெஞ்சில் இருந்தால் முதல் தடவை மட்டும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விண்டோஸ் படம் போட்ட கட்டையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும், பிரெஞ்சும் இங்கிலீஷும் மாறி மாறி வரும். எது நடப்பில் இருக்கிறது என்பதைத் திரையின் வலது கீழ் மூலையில் மூன்றெழுத்தில் காட்டும்.

தமிழில் அடிக்கிறவர்களுக்கு இன்னொரு சௌகரியம். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ் 99’ முறையைச் சேர்த்துக்கொண்டால், எந்த தேசத்துக் கீபோர்டானாலும் அ, இ, உ எல்லாம் ஒரே இடத்தில்தான். மேலே என்ன அச்சடித்திருந்தால் நமக்கென்ன!

சரி, மாற்றிக்கொள்வதா, பிரெஞ்சு வரிசையையே பழகுவதா? மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புகிற அம்மாக்கள் மாற்றிக்கொள்ளட்டும். அங்கேயே வாழப்போகிற பெண்கள் பழகிக்கொள்வதுதான் நல்லது. நாளைக்கு நூலகத்திலோ, ஆபீஸிலோ, குழந்தையின் பள்ளிக்கூடத்திலோ உட்காரப்போவது அந்தக் கீபோர்டு முன்னால்தானே? குழந்தை தூங்கும்போது தினம் பதினைந்து நிமிஷம், அந்த ஐந்து எழுத்துக்கள் வருகிற வார்த்தைகளை மட்டும் அடித்துப் பாருங்கள். முதலில் நிதானம் வரட்டும், வேகம் தானே வரும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஏ, எஸ், டி, எஃப் என்று தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு, இங்கே அது க்யூ, எஸ், டி, எஃப். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. திரையில் வெறும் புள்ளிதான் தெரியும். சரியாகத்தான் அடித்தோம் என்று நினைத்து மறுபடி மறுபடி அடிப்போம். சில தடவை தப்பானதும் பாங்க் கணக்கோ, டாக்டரிடம் நேரம் வாங்கும் கணக்கோ பூட்டிக்கொள்ளும். ஜுரத்தில் குழந்தை அழும்போது இப்படி ஆனால் எப்படி இருக்கும்? ஆகவே முதல் தடவை தப்பென்று வந்ததுமே கையை எடுத்துவிட்டு, அந்த மூலையைப் பாருங்கள். பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதைத் தொட்டு, அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் பழையபடி பிரெஞ்சுக்கு மாற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் வீட்டுக்காரர் திண்டாடுவார். டாக்டரின் போன் நம்பரையும் அவசர மருத்துவ உதவிக்கான 15 என்ற எண்ணையும் கைப்பட எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். அவசரத்துக்குக் கம்ப்யூட்டரை நம்பி உட்காரக்கூடாது.

பழகும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் குனிந்து குனிந்து நிமிர்ந்தால் பிடரி பிடித்துக்கொள்ளும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஏற்கெனவே கழுத்துக்கும் தோளுக்கும் வேலை ஜாஸ்தி. லேப்டாப்பை மடியில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள். மணிக்கட்டு மடங்காமல் நேராக இருக்கட்டும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கீபோர்டோடு மல்லாடுவது நீங்கள் மட்டுமல்ல. 2016-ல் அந்த நாட்டுக் கலாசார அமைச்சகமே, ‘எங்கள் மொழியைச் சரியாக எழுத இந்தக் கீபோர்டில் வசதியில்லை’ என்று குறைப்பட்டுக்கொண்டது. பிறகு 2019-ல் திருத்திய வரிசை ஒன்றைத் தர நிர்ணயமாக வெளியிட்டார்கள். பிறந்ததிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கே அந்தப் பாடு!

ஆகையால் சகோதரி, ‘எழுதப் படிக்கத் தெரியாதவள்’ என்ற வார்த்தையை முதலில் விடுங்கள். புது வீட்டுக்குக் குடிபோனால் ராத்திரியில் ஸ்விட்ச் எங்கே என்று கை நாலு நாள் சுவரைத் தடவத்தான் செய்யும். அதற்காக விளக்குப் போடத் தெரியாதவள் என்று யாராவது சொல்வார்களா? குழந்தையின் அடுத்த தடுப்பூசிக்கு நேரம் வாங்குவது நீங்களாகவே இருக்கட்டும். வாங்கியதும், சொந்தக் கையால் அடித்து அம்மாவுக்கு ஒரு ஈமெயில் அனுப்புங்கள். முதல் வார்த்தையை மட்டும் அனுப்புவதற்கு முன் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்!