கம்பி கட்டினால் மட்டும் போதுமா?

கம்பி போட்டால் பல்லு நேராகும் என்பது எங்கட வகுப்புகளில் எல்லாருக்கும் தெரியும். கம்பியைக் கழற்றிய பிறகு அந்த நேரான பல்லில் வெள்ளைத் திட்டுகள் மிஞ்சலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

பல்லில் ஒட்டியிருக்கிற ஒவ்வொரு சின்ன உலோகத் துண்டைச் சுற்றியும் சாப்பாடு தங்கும். அங்கே பெருகும் கிருமிகள் சீனியை அமிலமாக்கி, பல்லின் மேற்படையைக் கரைக்கும். சுத்தம் பார்க்காவிட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே திட்டு தெரியத் தொடங்கலாம். கம்பி கழன்ற பிறகும் அது முழுசாக மறையாமல் போகலாம். படுவான்கரையிலிருந்து ஒன்றரை, இரண்டு வருசம் பஸ் ஏறி டவுன் கிளினிக்குக்கு வந்துபோன பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய நட்டம்!

"காலையும் இரவும் பல்லுத் தீட்டு" எண்டு சொல்ல எல்லாரும் இருக்கிறாங்க. எப்படித் தீட்டுவது எண்டு காட்டத்தான் ஆளில்லை. கம்பிக்கு மேலே ஒருக்கா, கீழே ஒருக்கா பிரஷைச் சரித்துப் பிடிக்க வேணும். கம்பிக்கு அடியில் போக, பல்லிடுக்குக்கான சின்னப் பிரஷ் வேணும். வேப்பங்குச்சியும் உமிக்கரியும் அங்கே போய்ச் சேராது. முரசில் ரத்தம் கண்டதும் அந்த இடத்தை விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அழுக்குத் தங்கியதால்தான் ரத்தமே வருகிறது. அங்கேதான் மெதுவாக, தவறாமல் தீட்ட வேணும். நிற்காவிட்டால் டொக்டரிடம் காட்ட வேணும்.

ஆனால் பழியை முழுக்கப் பிள்ளைகள் தலையில் போடுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன். இடையில் கச்சான், முறுக்கு, பிஸ்கட். பைப்படியில் நின்று பிரஷை எடுத்தால் நாலு பேர் சிரிப்பாங்க. "மறுகா வீட்ட போய்ப் பாப்பம்" எண்டு விட்டுவிடுகிறோம். பாடசாலைப் பல் சிகிச்சைச் சேவை முக்கியமாக 13 வயது வரையான பிள்ளைகளுக்கானது. பலருக்குக் கம்பி ஏறுவதோ அந்த வயதை ஒட்டி, அல்லது அதற்குப் பிறகு.

நாங்கள் கேட்பது பெரிய காசு வேலை இல்லை. பைப்படியில் ஒரு கண்ணாடி. இடைவேளை முடிவில் ஐந்து நிமிசம். கம்பி போடும் அன்றே பிள்ளையின் கையில் பிரஷைக் கொடுத்து, "இப்ப நீ தீட்டிக் காட்டு" எண்டு சொல்கிற கிளினிக். கம்பிக்குக் காசு சேர்க்கிற பெற்றோர், அந்தச் சின்னப் பிரஷையும் கணக்கில் சேர்க்க வேணும்.

கம்பி போட்டிருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, பிரஷைப் புத்தகப்பையில் வையுங்க. சிரிக்கிறவன் சிரிக்கட்டும், பல்லு உங்கட பல்லு.