கண்ணளவு போதாது

மும்பைப் பட்டறைகளில் வேலை பார்க்கும் நம்மவர் சிலர், ஸ்பார்க் பிளக்கைத் தட்டிக் கண்ணளவிலேயே இடைவெளி வைத்துவிடுகிறார்கள். இது கைத்திறன் ஆகாது.

இடைவெளி கூடினால் பொறி தவறிப் பெட்ரோல் எரியாமல் வீணாகும். குறைந்தால் பொறி வலுவிழந்து இன்ஜின் திணறும். இரண்டிலும் கரைவது டாக்சி ஓட்டுபவரின் அன்றாட வருமானமே.

பாயிண்ட் வைத்த பழைய பியட்டுக்கு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர் பொருந்தியது. இன்றைய வண்டிகளில் சிலவற்றுக்கு 1.1 வரை வேண்டும். சி.என்.ஜி.யில் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவை. அதனால் இடைவெளியைக் குறைக்கச் சொல்வதுண்டு.

ஆகவே, கம்பெனிப் புத்தகம் சொல்லும் அளவே அளவு. ஃபீலர் கேஜின் விலை ஒரு நாள் கூலிக்குள் அடங்கும். ஊர்விட்டு வந்து பிழைப்பவருக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கையே முதல். அதைக் கண்ணளவில் விடலாமா?