வெல்வது யார் என்பதா நம் கேள்வி?

தேர்தல் வந்துவிட்டால் நம்மவர் கூடும் இடமெல்லாம் சட்டசபைதான். 2024 நவம்பர் 20-இல் நடந்த மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலுக்கு முன், தாராவி தேநீர்க் கடைகளிலும் மாட்டுங்கா கடைத்தெருவிலும் செம்பூரிலும் நான் கேட்ட வாதங்கள் எத்தனை! உத்தவா, ஷிண்டேயா? சரத் பவாரா, அஜித் பவாரா? சயான் கோலிவாடாவில் கேப்டன் தமிழ்ச்செல்வன் மூன்றாம் முறையும் வெல்வாரா?

தமிழ்ச்செல்வன் பா.ஜ.க. சார்பில் வென்றார். பக்கத்துத் தாராவியில் காங்கிரசின் ஜோதி கெய்க்வாட் வென்றார். தமிழர் ஓட்டை ஒரே மூட்டையாகக் கட்டிவிடலாம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால், தலைவர்களைப் பற்றிய பேச்சில் வீட்டைப் பற்றிய கேள்வி அமுங்கிப் போகிறது என்பதே என் வருத்தம். தாராவி மறுசீரமைப்பில், 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு அங்கேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதன் பிறகு 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு, தாராவிக்கு வெளியே. மாடியில் இருப்போருக்கும் வெளியேதான், தவணை முறையில். அண்ணன் கீழே, தம்பி மேலே என்று வாழும் குடும்பம் என்னாவது?

இந்த விதிகளை வகுப்பது மாநில அரசு. ஆகவே ஓட்டுக் கேட்டு வருபவர் எக்கட்சியினராயினும், "மாடிக் குடும்பம் எங்கே போகும்?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஓட்டுக்கு மட்டுமல்ல, குடியிருப்புக்கும் சான்று.