பல்பை மாற்றியும் இண்டிகேட்டர் எரியவில்லையா? ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள்!

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற சாலை. ஆடுதுறையைத் தாண்டி வலப்பக்கம் ஒரு தெருவுக்குள் திரும்ப வேண்டும். காலை ஆறரை மணி. காரை ஓட்டி வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வலது இண்டிகேட்டரைப் போட்டார். உள்ளே 'டிக் டிக்' சத்தமும் கேட்டது. திரும்பினார்.

எதிரே டிவிஎஸ் 50-யில் பால் கேன்களோடு வந்தவர் பிரேக்கை அழுத்த, வண்டி சறுக்கியது. ஒரு காலை ஊன்றி எப்படியோ நின்றுவிட்டார். ஒரு கேன் மட்டும் சாய்ந்து, பால் சாலையில் ஓடியது.

"சிக்னல் போடாம திரும்புறீங்களே சார்!"

"போட்டேனே தம்பி!"

இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. சார் இண்டிகேட்டர் போட்டது உண்மை. முன்பக்க வலது விளக்கு எரியாததும் உண்மை. எதிரே வருபவருக்குத் தெரிவது அந்த ஒரு விளக்குதான். அது எரியாவிட்டால், கார் நேராகப் போகிறது என்றுதான் அவர் நினைப்பார்.

கொட்டிய பாலுக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், மருமகளிடம் புலம்பினார். மகனுக்கு வேலை துபாயில். அவர் விட்டுப்போன 11 வயது காரை மாமாவும் மருமகளும்தான் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். "ரெண்டு மாசத்துல ரெண்டு பல்ப் மாத்தியாச்சும்மா. பல்ப் தரமே சரியில்லைங்கிறாங்க" என்றார் மாமனார்.

மருமகள் எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவர். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "மாமா, அந்த டிக் டிக் சத்தம் எப்பவும் போல வந்துச்சா, இல்ல வேகமா வந்துச்சா?"

வேகமாகத்தான் வந்ததாம். 'நல்லா சுறுசுறுப்பா வேலை செய்யுது' என்று அவர் நினைத்திருக்கிறார்!

அவசரமாக அடித்தால் அது புகார்

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை விட்டு விட்டு எரிய வேண்டும் என்பது விதி. ஒரு பக்கத்தில் முன்னாலும் பின்னாலும் பெரும்பாலும் தலா 21 வாட் பல்ப் இருக்கும். அவற்றில் ஒன்று எரியாவிட்டால் அந்தப் பக்கம் போகிற மின்சாரம் பாதியாகக் குறையும். அதைக் கண்டுகொள்ளும் ஃப்ளாஷர், வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்க ஆரம்பிக்கும். ஓட்டுநர் இறங்கிப் பார்க்கட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால், நம் ஊரில் இறங்கிப் பார்ப்பவர்கள் குறைவு.

இறங்கிப் பார்ப்பவர்களும் முதலில் கை வைப்பது பல்பில்தான். அதில் தவறில்லை. பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி அறுந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அறுந்திருந்தால் புதுசு போட்டால் தீர்ந்தது. கம்பி நன்றாக இருந்தும் எரியவில்லை, புது பல்ப் போட்டும் எரியவில்லை, அல்லது ஹெட்லைட்டைத் தட்டினால் எரிகிறது, பள்ளத்தில் இறங்கினால் அணைகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது ஹோல்டரை.

இந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. கழற்றிய இரண்டு 'ஃப்யூஸ் போன' பல்புகளையும் மாமனார் டாஷ்போர்டு டிராயரிலேயே போட்டு வைத்திருந்தார். மருமகள் அவற்றை பேட்டரியில் நேரடியாகத் தொட்டுப் பார்க்க, இரண்டும் பளிச்சென்று எரிந்தன. நல்ல பல்புகள்! ஒவ்வொரு முறை புது பல்ப் மாட்டும்போதும், திருகுகிற திருகலில் ஹோல்டருக்குள் தற்காலிகமாகத் தொடர்பு கிடைத்திருக்கிறது. பத்து நாள் எரிந்துவிட்டு மறுபடி படுத்துவிட்டது.

பச்சைக் களிம்பு சொன்ன கதை

காரை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகுதான் மருமகள் பானட்டுக்குள் கையை விட்டார். பெரும்பாலான கார்களில் இதற்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். கடிகாரமும் ரேடியோவும் பழைய நிலைக்குப் போய்விடும் என்பது மட்டும்தான் தொந்தரவு. சில ரேடியோக்கள் கோடு எண் கேட்கும் என்பதால், அதைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஹெட்லைட்டின் பின்னால் கை நுழையும் அளவுக்கே இடம். ஹோல்டரை இடமாகக் கால் சுற்று சுற்றினால் கையோடு வந்துவிடும். சில கார்களில் ஹெட்லைட்டையே கழற்றினால்தான் கை எட்டும். இன்னும் சிலவற்றில் பம்பரைத் தளர்த்த வேண்டியிருக்கும். உங்கள் கார் அந்த வகை என்றால், வீட்டில் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பம்பர் கிளிப் ஒன்று உடைந்தால் ஓட்டும்போதெல்லாம் கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும்.

வெளியே வந்த ஹோல்டரைப் பார்த்ததும் மாமனாருக்கே புரிந்துவிட்டது. உள்ளே பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு. பல்பின் அடியைத் தாங்கும் ஸ்பிரிங் அழுத்தினால் உள்ளே போகிறது, மேலே எழும்பி வரவில்லை. ஓர் ஓரத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது.

ஏன் உருகியது? 12 வோல்ட்டில் 21 வாட் பல்ப் இழுக்கிற மின்சாரம் 1.75 ஆம்பியர். களிம்பு ஏறிய இடத்தில் வெறும் ஒரு ஓம் தடை கூடினாலே, பல்ப் எரிகிற நேரத்தில் இரண்டு வாட்டுக்கு மேல் சூடு அந்த ஊசிமுனை இடத்தில் இறங்கும். சூட்டில் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் தொடர்பு இன்னும் மோசமாகும், சூடு இன்னும் கூடும். பிரகாசமாக இருக்கட்டும் என்று அதிக வாட் பல்ப் போட்டால் இதே வேலை சீக்கிரம் நடக்கும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஏமாறுகிற இடமும் ஒன்று உண்டு. பல்ப் இல்லாத ஹோல்டரில் மீட்டரை வைத்துப் பார்த்தால், களிம்பு பிடித்திருந்தாலும் 12 வோல்ட் காட்டக்கூடும். மீட்டர் இழுக்கிற மின்சாரம் அவ்வளவு சொற்பம். அதனால் 'கரன்ட் வருது, ஹோல்டர் நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு கட்டிவிடுவோம். ஒரு பழைய 21 வாட் பல்பில் இரண்டு ஒயர் பற்ற வைத்து, ஹோல்டருக்குப் பின்னால் ஒயரிலும் ஹோல்டருக்குள் தகட்டிலும் தனித்தனியாகச் சோதிப்பதே சரி. ஒயரில் நன்றாக எரிந்து, ஹோல்டருக்குள் மங்கினால் குற்றவாளி ஹோல்டர்தான். ஒயரிலேயே எரியவில்லை என்றால் கோளாறு அதற்கும் முன்னால் எங்கோ இருக்கிறது. கார் பாடியில் எர்த் ஒயர் மாட்டியிருக்கும் இடத்தையும் அப்போது பார்க்க வேண்டும்.

களிம்பு லேசாக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாலே சரியாகிவிடும். பிளாஸ்டிக் உருகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடைக்குப் போகும்போது

பழைய ஹோல்டரையும் பல்பையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். 'இண்டிகேட்டர் ஹோல்டர்' என்று வாயால் கேட்டால், பிரேக் லைட்டுக்கான இரட்டை முனை ஹோல்டர்கூட கைக்கு வரலாம். பல்புகளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கண்ணாடியே ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பி.ஒய்.21.டபிள்யூ பல்பில், பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சிறு குமிழ்களும் நேருக்கு நேர் இருக்காது. கொஞ்சம் தள்ளி இருக்கும். வெள்ளைக் கண்ணாடி பல்பில் அவை நேருக்கு நேர் இருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். குமிழை ராவித் தேய்த்து மாட்டிக் கொடுக்கும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. வேண்டாம்.

ஒயரோடு வரும் ஹோல்டர் ஆட்டோமொபைல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதே கடையில் உட்புறம் பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவையும் வாங்கிக்கொள்வது நல்லது. கடைக்குப் போவதற்கு மாமனார் அதே காரைத்தான் எடுத்தார். ஆனால், வலப்பக்கம் திரும்பிய இடங்களில் எல்லாம் ஜன்னல் வழியே வலது கையை நேராக நீட்டி, உள்ளங்கை முன்பக்கம் தெரியும்படி காட்டினார். லைசென்ஸ் வாங்கிய காலத்தில் படித்தது அப்படியே கைகொடுத்திருக்கிறது. பகலில் சமாளிக்க அது போதும். இரவில் யாருக்கும் தெரியாது.

ஸ்லீவை முதலில் கோருங்கள்

வெட்டுவதற்கு முன் செல்போனில் ஒரு படம். எந்த நிற ஒயர் ஹோல்டரின் எந்த முனைக்குப் போகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிய வேண்டும். புது ஹோல்டரின் ஒயர் நிறம் பழையதோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. பல்பின் பக்கவாட்டைத் தொடும் தகட்டுக்கு எர்த், அடிப்பகுதியைத் தொடும் ஸ்பிரிங்குக்கு கரன்ட். இதை மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டால் குழப்பமில்லை.

இரண்டு ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டாமல், ஒன்றைவிட இன்னொன்றைச் சில சென்டிமீட்டர் தள்ளி வெட்டினார் மருமகள். இரண்டு ஜாயின்ட்டும் அருகருகே வராது, பின்னாளில் உரசி ஷார்ட் ஆகாது. காருக்குள் போகும் பக்கம் தாராளமாக நீளம் விட்டிருந்தார். அடுத்த முறை யாராவது வெட்ட வேண்டி வந்தால் மிச்சம் இருக்க வேண்டுமே!

இவ்வளவு யோசித்தவர் ஒன்றை மறந்துவிட்டார். முதல் ஒயரை முறுக்கி, சால்டரிங் வைத்து, ஊதி ஆறவைத்த பிறகுதான் ஸ்லீவ் மேசை மேலேயே இருப்பது கண்ணில் பட்டது. ஒயரை இணைப்பதற்கு முன்பே ஸ்லீவை அதில் கோத்துவிட வேண்டும். பிறகு நுழைக்க முடியாது. மறுபடி வெட்டி, மறுபடி முறுக்கி, மறுபடி சால்டரிங். "மிச்ச நீளம் எதுக்கு விட்டேன்னு இப்பத் தெரியுதா மாமா" என்று சமாளித்தார்.

சால்டரிங் தெரியாதவர்கள் கிரிம்ப் கனெக்டர் போட்டு நசுக்கலாம். ஒழுங்காக நசுக்கினால் அதுவும் உறுதிதான். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது மட்டும் கூடாது. இன்ஜின் சூட்டில் டேப்பின் பசை இளகி, ஒரு கோடை முடிவதற்குள் அவிழ்ந்து தொங்கும்.

பேட்டரியை இணைத்து, எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்பே ஹஸார்டு சுவிட்சைப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். தனியாக வேலை செய்பவர்கூட நான்கு பக்கமும் நடந்து பார்த்துவிடலாம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

விளக்கு எரிந்துவிட்டது. ஆனால், மருமகள் பானட்டை மூடவில்லை. களிம்பு என்றால் தண்ணீர். தண்ணீர் எப்படி உள்ளே போனது? டார்ச் அடித்துத் தேடியதில் தெரிந்தது, ஹெட்லைட்டின் பின்பக்கம் இருக்க வேண்டிய ரப்பர் மூடியைக் காணோம். எப்போதோ பல்ப் மாற்றியபோது கழற்றியதை யாரோ திரும்ப மாட்டவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையும், வாட்டர் சர்வீஸில் பானட்டுக்குள் அடிக்கிற பிரஷர் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போயிருக்கின்றன. மூடி போடாமல் விட்டிருந்தால் புது ஹோல்டருக்கும் அதே கதிதான்.

மூடியை வாங்கிப் பொருத்தி, தகட்டில் மெல்லியதாக டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவியதோடு வேலை முடிந்தது. தண்ணீரைத் தடுக்கிறேன் என்று ஹெட்லைட்டைச் சுற்றி சிலிக்கான் பூசுவது தவறு. காற்று போவதற்கென்று விட்டிருக்கும் சிறு துளைகள் அடைபட்டு, உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் போகும்.

எல்லாருக்கும், எல்லா காருக்கும் இந்த வேலை பொருந்தாது. வாரன்டி இருக்கும் காரில் ஒயரை வெட்டினால் வாரன்டியில் சிக்கல் வரலாம், சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள். புது மாடல்களில் எல்இடி இண்டிகேட்டர் விளக்கோடு ஒட்டியே வருகிறது, ஹோல்டர் என்று தனியாக எதுவும் இல்லை. இரண்டு பக்கமுமே எரியவில்லை என்றால் கோளாறு ஃப்யூஸ், ஃப்ளாஷர் அல்லது சுவிட்சில். ஃப்யூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது என்று பொருள். அங்கே பெரிய ஃப்யூஸைச் செருகினால் ஒயரே எரியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

சாயங்காலம் மாமனார் காருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு எண்ணினார். ஒரு நிமிடத்துக்கு 84. எழுந்து, மருமகளின் டார்ச்சை வாங்கிக்கொண்டு காரின் இடப்பக்கம் போனார்.

"இந்தப் பக்கத்து மூடி இருக்காம்மா? அதையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்துடலாமே."

மூடி இருந்தது. கழற்றிப் பார்த்தார்கள். 11 வருடத்துக்குப் பிறகும் பித்தளை மஞ்சளாகவே இருந்தது.