ஆட்டுக்கு நாலு கால்

மலை ஏறுகிறவர்களில் ஒரு ரகத்தார் உண்டு. மழைக்குக் கோட்டு மாட்டிக்கொள்வார்கள். வழுக்காத பூட்ஸ் வாங்குவார்கள். வழி தவறாமலிருக்கத் திசைகாட்டியும் வைத்திருப்பார்கள். ஆனால், கையில் ஒரு கோல் எடுத்துக்கொள்ளச் சொன்னால் மட்டும் முகம் சிவந்துவிடும். "எனக்கென்ன, கிழவனாகவா ஆகிவிட்டது?" என்பார்கள்.

இந்த வீம்பைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபந்தான் வருகிறது. அதுவும் முதுகில் ரேடியோவைச் சுமந்துகொண்டு இப்படிப் பேசினால், கோபம் இரட்டிப்பாகிறது.

ரேடியோவுக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் ஹாம் ரேடியோக்காரர்கள் 2002 மார்ச் 2-ஆம் தேதி ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்று அதற்குப் பெயர். உச்சிக்குப் போய், குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசினால் அந்த மலைக்குரிய புள்ளிகள் கிடைக்கும். இன்று பல தேசங்களில் அது பரவியிருக்கிறது.

"செல்போன் இருக்க இது என்ன பைத்தியம்?" என்று ஒரு கேள்வி வரும். செல்போனுக்கு யாரோ கட்டிவைத்த கோபுரம் வேண்டும். இவர்களுக்கு மலையே கோபுரம். 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. சமவெளியில் நிற்பவனுக்குத் தொடுவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 900 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கோ 100 கிலோமீட்டரையும் தாண்டிவிடும். ஐந்து வாட் சக்தியில் ஜில்லா விட்டு ஜில்லா பேசலாம்.

விதிகளில் தயவு தாட்சணியம் இல்லை. கடைசி ஏற்றம் மோட்டார் உதவியின்றி இருக்க வேண்டும். எண்ணெய் ஜெனரேட்டர் கூடாது. பாட்டரியோ சூரியத் தகடோதான். வேல்ஸில் 1085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடன் மலைக்கு 1896-இலேயே ரயில் விட்டுவிட்டார்கள். அதில் சொகுசாக வந்து இறங்கியவர் உடனே மைக்கைப் பிடித்துவிட முடியாது. உச்சிக்கு 25 மீட்டருக்கும் கீழே இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு திரும்ப நடந்து வந்தாக வேண்டும்.

மூட்டை முடிச்சு என்றால் ரேடியோ, பாட்டரி, ஆண்டெனாக் கம்பி, அதைத் தூக்கி நிறுத்த நீண்ட கழி எல்லாந்தான். ஏறும்போது இந்தப் பாரம் மூச்சை வாங்கும். இறங்கும்போது முழங்காலைத் தின்னும். 1999-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 25 பாகைச் சரிவில் இரு கைகளிலும் கோலூன்றி இறங்கியவர்களின் முழங்காலில் விழும் விசைகள் 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்ததாக அளந்து சொல்லியிருக்கிறார்கள். இதைவிட மலிவான வைத்தியம் எங்கே கிடைக்கும்?

எதிர்க்கட்சிக்கும் வாதங்கள் உண்டு. ஏறும்போது கைகளும் உழைப்பதால் இதயத்துக்கு வேலை கூடுகிறதாம். வாஸ்தவம். அப்படியானால் ஏறும்போது பையில் செருகிக்கொண்டு, இறங்கும்போது சற்று நீட்டிப் பிடியுங்கள். கூர்முனை பாதையைக் குத்திப் புண்ணாக்குகிறதாம். அதுவும் வாஸ்தவம். முனைக்கு ரப்பர்க் குல்லாய் விற்கிறார்கள். மரமில்லாத மொட்டை உச்சியில், அதே கோலை மண்ணில் ஊன்றி, ஆண்டெனாக் கழியை அதோடு சேர்த்துக் கட்டலாம் என்பதை மட்டும் இவர்கள் சொல்வதில்லை.

மிஞ்சுவது கௌரவம் ஒன்றுதான். வள்ளுவர் வழுக்கு நிலத்தில் நடப்பவனுக்கு ஊன்றுகோலைத் துணையாகச் சொன்னார். அவனுக்கு வயசு என்ன என்று விசாரிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலேயர் ஒருவர் பல வருஷங்கள் மலை மலையாக ஏறிப் பேசியவர். கோலைத் தொடமாட்டார். இப்போது முழங்கால் இரண்டும் ஓய்ந்து, வீட்டு நாற்காலியிலிருந்து மற்றவர்களின் அழைப்புக்குப் பதில் சொல்கிறார். அதுவும் மேலான பணிதான். பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் உச்சியில் நிற்பவனுக்குப் புள்ளி ஏது? ஆனால் பேச்சு முடிகிற சமயத்தில், "மேலே இன்று காற்று எப்படி?" என்று கேட்பார். அந்தக் குரலை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கோல் பிடித்திருந்தால் அவர் கால் தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். அந்தக் காலுக்கு அவர் ஒரு சந்தர்ப்பமே கொடுக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

இந்தத் திட்டத்தில் 1000 புள்ளி சேர்த்தவர்களுக்கு 'மவுண்டன் கோட்', அதாவது மலையாடு என்று பட்டம் கொடுக்கிறார்கள். அதற்கு ஆசைப்படும் வீரர்கள் ஒரு விஷயத்தை யோசிக்கட்டும். ஆட்டுக்கு நாலு கால். நமக்குப் பிறப்பில் கிடைத்தவை இரண்டு. மீதி இரண்டும் கடையில் கிடைக்கின்றன.