மணியின் அரிப்பும் கலர் கலரான ஒரு ரிப்போர்ட்டும்

எங்கள் வீட்டு மணிக்கு நாலு வயசு. உயர்சாதி எல்லாம் கிடையாது. தெருவில் பிறந்து, எங்கள் வாசலில் வந்து படுத்து, "சரி, கெடந்துட்டுப் போட்டும்" என்று அப்பா சொன்ன அன்றிலிருந்து வீட்டு ஆள். போன மார்கழியில் சொறிய ஆரம்பித்தான். முதலில் காது. அப்புறம் முன்னங்கால் பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தான். பிறகு அக்குள், வயிறு. ராத்திரி ரெண்டு மணிக்கு வராந்தாவில் 'டக் டக் டக்' என்று சத்தம் கேட்டால் திருடன் இல்லை, மணி காதைச் சொறிகிறான், பின்னங்கால் தரையில் அடிக்கிறது என்று அர்த்தம். மறுநாள் எனக்கு காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல் என்பதெல்லாம் அவனுக்குக் கணக்கில்லை.

நாய்க்கு அரிப்பு வந்தால் தெருவே டாக்டர் ஆகிவிடும். எதிர்வீட்டு மாமா வேப்பெண்ணெய் என்றார். பால்காரர் சோற்றில் உப்பு அதிகம் என்றார். ஆச்சி, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். (நெடி தாங்காமல் மணியைவிட நான்தான் அதிகம் இருமினேன்.)

பொங்கலுக்கு லண்டனிலிருந்து சித்தி வந்திருந்தாள். அவள்தான் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வீட்டிலேயே நாய்க்கு ஒவ்வாமைச் சோதனை. ரொம்ப சுலபம். கழுத்துப் பக்கம் கொஞ்சம் முடி வெட்டி ஒரு கவரில் போட வேண்டும். பஞ்சு சுற்றிய குச்சியை வாய்க்குள் விட்டு எச்சில் எடுத்து இன்னொரு கவரில் போட வேண்டும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிற பாடு இல்லை. சித்தி திரும்பிப் போகும்போது எடுத்துப்போய் அங்கே தபாலில் சேர்த்தாள். எத்தனை பவுண்டு கொடுத்தாள் என்று கடைசிவரை சொல்லவில்லை.

மூணு வாரத்தில் மெயிலில் ரிப்போர்ட் வந்தது. அடேங்கப்பா, என்ன அழகு! பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் கலராக நூறு ஐட்டத்துக்கு மேல். மணிக்கு சால்மன் மீன் ஆகாதாம். கிரான்பெர்ரி ஆகாதாம். பார்லி கொஞ்சம் ஜாக்கிரதையாம். தாமிரபரணிக் கரையில் வளர்ந்த நாய் சால்மனை எங்கே பார்த்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பால், தயிர் சிவப்பில் இருந்தது. கோழிக்கறி பளிச்சென்று பச்சையில் இருந்தது.

அன்றோடு தயிர்சோறு கட். அவனுக்கு உயிர் அது. அம்மா தட்டில் தயிர் ஊற்றும் சத்தம் கேட்டே ஓடி வருவான். வந்து தன் தட்டில் வெறும் கோழிச்சோற்றைப் பார்த்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பான். "ரிப்போர்ட்ல போட்டிருக்குல்லா" என்று நான்தான் எல்லோரையும் அடக்கினேன். வீட்டில் படிக்கிற பிள்ளை நான். அச்சடித்த மாதிரி ஒரு தாள் இருந்தால் அது சரி என்று நம்புகிற படிப்பு. பச்சைதானே என்று கோழியைக் கொஞ்சம் கூட்டியும் போட்டோம். சித்திரை முடிவதற்குள் மணியின் காது உள்ளே கறுத்து நாற ஆரம்பித்தது. வயிற்றில் முடி கொட்டி யானைத்தோல் மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் போனோம். ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்து ரொம்பப் பெருமையாக நீட்டினேன். அவர் முதல் பக்கத்தோடு மூடி என்னிடமே கொடுத்துவிட்டு, "தம்பி, உன் பொம்மை கரடியோட முடியை அனுப்பினாலும் இதே மாதிரி ஒண்ணு வரும்" என்றார்.

கிண்டல் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அதை நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். சின்னப் பிராணிகளின் மருத்துவத்துக்கான ஓர் இதழில் 2019-ல் வந்த ஆய்வு அது. கால்நடைத் தோல் நிபுணர்கள் ஒவ்வாமை உள்ள நாய், இல்லாத நாய் இரண்டின் முடியையும் எச்சிலையும் இப்படி ஒரு சோதனைக்கு அனுப்பினார்கள். கூடவே நாய் என்று சொல்லி செயற்கை ரோமத்தையும் உப்புத் தண்ணீரையும் அனுப்பினார்கள். செயற்கை ரோமத்துக்கும் ஒவ்வாமை என்று பட்டியல் வந்தது! நிஜ நாயின் பட்டியலையும் ரோமத்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

எங்கள் ஆடிட்டிங் வகுப்பில் வவுச்சிங் பற்றி நடத்துவார்கள். போலி வவுச்சர் ஒன்றை நடுவில் சொருகி வைத்தும் ஒரு கிளார்க் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் பண்ணினால், அவர் பாஸ் பண்ணின மற்ற வவுச்சர்களுக்கு என்ன மதிப்பு? அதேதான் இங்கேயும். பட்டியலில் ஒன்றிரண்டு தற்செயலாகச் சரியாக இருக்கலாம். எது சரி என்று சொல்ல வழியில்லாதபோது பட்டியலே செல்லாது.

காரணமும் புரிந்துகொள்ளக் கஷ்டமானது இல்லை. முடி என்பது செத்துப்போன கெரட்டின். ஒவ்வாமை என்பது உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு பொருளைத் தப்பாக எதிரி என்று நினைத்துச் செய்கிற கலாட்டா. அந்தச் சண்டையின் செய்தி வெட்டிப் போட்ட முடியில் எழுதியிருக்காது. உணவு விஷயத்தில் ரத்தப் பரிசோதனையே நம்பத்தக்கது இல்லை என்கிறார்கள். தோலுக்குள் ஊசி போட்டுப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. ஆனால் அது தூசிப்பூச்சி, மகரந்தம் மாதிரி சுற்றுப்புற ஒவ்வாமைக்கு எதை வைத்து ஊசிமருந்து தயாரிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க. சிக்கனா மட்டனா என்று சொல்ல இல்லை.

அப்படியானால் வீட்டில் சோதனையே செய்ய முடியாதா? முடியும். நான் சொல்ல வந்ததே அதுதான்.

முதல் சோதனைக்கு அஞ்சு பைசா செலவில்லை. பேன் சீப்பால் நாயின் வால் தொடங்குகிற இடத்தில், இடுப்பில், சீவ வேண்டும். வருகிற கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் போட்டால், அழுக்கு என்றால் கறுப்பாகவே இருக்கும். சிவப்புக் கலந்த பழுப்பாகப் படர்ந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது நாயின் ரத்தம். தெள்ளுப்பூச்சியின் எச்சிலுக்கே ஒவ்வாமை உள்ள நாய்கள் ஏராளம். ஒன்றிரண்டு கடித்தாலே இடுப்பைக் கடித்துக் குதறிக்கொள்ளும். உணவால் அரிக்கிற நாய்கள் மொத்தத்தில் சிறுபான்மைதான், ஆனால் எல்லோரும் முதலில் சோற்றைத்தான் குற்றம் சொல்கிறோம். மணியிடம் தெள்ளுப்பூச்சி இல்லை. டாக்டரம்மா தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து சொறிப்பூச்சியும் இல்லை என்றார். காதில் பூஞ்சை, அதற்கு மருந்து கொடுத்தார். இதற்கெல்லாம் டாக்டர்தான் வேண்டும், வீட்டில் நடக்காது.

இரண்டாவது சோதனைக்கும் லேப் கிடையாது. அதற்கு வேண்டியது எட்டு வாரப் பொறுமையும், சொன்ன பேச்சுக் கேட்கிற குடும்பமும். (இரண்டாவது கிடைப்பது அரிது.) நாய் இதுவரை சாப்பிட்டே இராத ஒரு கறி, ஒரு கிழங்கு. அதைத் தவிர வேறு எதுவும் கூடாது. பிஸ்கட் கூடாது, எலும்பு கூடாது, மாசம் ஒருதரம் கொடுக்கிற உண்ணி மாத்திரைகூட கறிச்சுவை போட்டதாக இருந்தால் கூடாது. 2015-ல் ஒரு ஆய்வுத் தொகுப்பில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் அஞ்சு வாரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அரிப்பு அடங்கியது, எட்டு வாரத்தில் 90-ஐத் தாண்டியது. அதனால்தான் எட்டு.

மணி சாப்பிடாத கறி என்ன? கோழி, ஆடு, முட்டை, நெத்திலி எல்லாம் ருசி பார்த்தாச்சு. மிஞ்சியது பன்றி. அம்மா "என் அடுக்களைக்குள்ள அது வரக்கூடாது" என்று சொல்லிவிட்டாள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்லையில் மூணு செங்கல் வைத்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில், எட்டு வாரமும் அவரே வெண்பன்றிக் கறியும் உருளைக்கிழங்கும் வேகவைத்தார். உப்பு இல்லை. வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம், அதுவும் இல்லை. கறி வேகும் நாளில் அம்மா கொல்லைக் கதவைச் சாத்திவிடுவாள். மூணாவது வாரம் அவளே அப்பாவுக்கு ஒரு தம்ளர் காபியை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

நாலாவது வாரம் கொஞ்சம் அடங்கின அரிப்பு திடீரென்று ஏறியது. விசாரித்தால் ஆச்சி. சாயங்காலக் காபியில் தொட்டு ரெண்டு பிஸ்கட், தினமும். "வாயில்லாச் சீவன்லா, என் மூஞ்சியையே பாக்கான், நான் என்னத்தச் செய்ய?" என்று அழுதாள். நானும் கத்திவிட்டேன். அப்புறம் அவள் ரெண்டு நாள் மணி பக்கமே போகவில்லை. கணக்கை முதலிலிருந்து தொடங்கினோம். மறுபடி எட்டு வாரம்.

இந்த முறை அடங்கியது. ஆறாவது வாரத்தில் ராத்திரி 'டக் டக்' இல்லை. வயிற்றில் பூனை முடி மாதிரி புது முடி வந்தது.

இங்கேதான் எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள், நானும் நிறுத்தத்தான் பார்த்தேன். டாக்டரம்மா விடவில்லை. பழைய சாப்பாட்டை மறுபடி கொடுத்து அரிப்பைத் திரும்ப வரவழைத்தால்தான் சோதனை முடிந்தது என்றார். நல்லா இருக்கிற நாயை வேண்டுமென்றே சொறியவிடுவதா என்று கோபம் வந்தது. யோசித்தால் சரிதான். பருவம் மாறி அடங்கியிருக்கலாம், காது மருந்தால் அடங்கியிருக்கலாம். டிரையல் பேலன்ஸ் டாலி ஆனதால் மட்டும் கணக்கில் தப்பில்லை என்று ஆகாது, ஒரு தப்பை இன்னொரு தப்பு மறைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பொருளாக, ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வாரம். தயிர் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. கோதுமை பிஸ்கட். நாலாம் நாள் லேசாக நக்கினான், பிறகு நின்றுவிட்டது, அதை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். கோழி. மூணாம் நாள் ராத்திரி 'டக் டக் டக்'.

ரிப்போர்ட்டில் பச்சை போட்டிருந்த கோழி! சிவப்பு போட்டிருந்த தயிர் அவனை ஒன்றுமே செய்யவில்லை. அதாவது மூணு மாசம் ஆகாததை ஊட்டிவிட்டு, ஆனதைப் பிடுங்கி வைத்திருக்கிறோம். இத்தனைக்கும் 2016-ல் 297 நாய்களின் விவரத்தைத் தொகுத்த பட்டியலில் மாட்டிறைச்சி 34, பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 சதவீதம் என்று இருக்கிறது. கோழி ஒன்றும் அபூர்வமான குற்றவாளி இல்லை.

சட்டம் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 'வாங்குபவரே உஷார்' என்று படித்தோம். 2019-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்கு விற்பவரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் இந்தப் பெட்டிக்காரர்கள் கெட்டி. சின்ன எழுத்தில் "இது ஒவ்வாமைச் சோதனை அல்ல, ஏற்காமைச் சோதனை, நோய் கண்டறிய அல்ல" என்று போட்டுவிடுகிறார்கள். பெட்டி மேலே மட்டும் நாய் சொறிகிற படம்! நோய் கண்டறிய இல்லை என்றால் சொறிகிற நாய் படம் எதற்கு? என் கோபம் இதில்தான். காசு போனது சித்தியின் காசு, அது கிடக்கட்டும். அவர்கள் விற்றது அந்த எட்டு வாரக் கஷ்டத்திலிருந்து தப்பிக்கிற வழியை. நானும் அதைத்தான் ஆசையாக வாங்கினேன். விலையைச் சொறிந்து சொறிந்து கட்டியது மணி.

இப்போது தயிர்சோறு திரும்ப வந்துவிட்டது. ஆச்சிதான் பிசைந்து வைக்கிறாள், வேறு யாரையும் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி அடுப்பில் ஏறும்போது மட்டும் மணியை மொட்டைமாடியில் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. மேலேயிருந்து சன்னமாக ஒரு அழுகை கேட்கும். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த வாரம் மீன் வாங்குவோமாட்டி?" என்று அம்மாவிடம் கேட்பார்.