வள்ளத்திலும் முன்பாரம், பின்பாரம் உண்டு

சாகாமம், கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம் எனத் திருக்கோவிலுக்கு மேற்கே உள்ள ஊர்களின் மக்கள் வயலையும் சேனையையும் நம்பி வாழ்ந்தவர்கள். 1990 இல் போர் மூண்டபோது இவர்களிற் பலர் வீடு வாசலை விட்டுக் கரையோர ஊர்களுக்கு ஓடினர். திரும்பி வந்தவர்களுக்கு வயல் காடாகிக் கிடந்தது. திரும்பாதவர்களுக்குக் கூலி வேலையே கதியாயிற்று. மழை பொய்க்கும் போகத்தில் குளத்து மீனே பல அடுப்புகளை எரிய வைக்கிறது. ஏர் பிடித்த கை துடுப்புப் பிடிப்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆனால் வள்ளத்தில் பிறந்து வளராத நாம், அதை இன்னொரு உழவு இயந்திரப் பெட்டியாக நினைத்து ஏறுகிறோம். உயிர் போகக்கூடிய தவறு இது.

இதை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் கல்முனைக்குடி மீனவரான ஒரு காக்கா எம்மைத் தமது சிறு வள்ளத்தில் ஏற்றிச் சென்றார். கரையில் நின்ற தெரிந்தவர்களைக் கண்டதும் எழுந்து கை காட்டினோம். வள்ளம் ஒரு ஆட்டம் ஆடி விளிம்பால் தண்ணீர் உள்ளே வந்தது. காக்கா கோபிக்கவில்லை. “பாதர், கரையிலதான் நீங்க பெரிய ஆள். வள்ளத்துக்குள்ள நீங்களும் ஒரு மூட்டைதான். நடுவுல குந்துங்க” என்றார். குந்தினோம்.

அவர் சொன்ன மூட்டைக் கணக்கு விவசாயிக்கு எளிதில் விளங்கும். ஒரு நெல் மூட்டை ஏறத்தாழ 60–70 கிலோ. ஒரு ஆளும் அவ்வளவே. இப்போது புழக்கத்தில் உள்ள இலேசான படகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 12 அடி நீளமான அலுமினியப் படகின் வெற்றுடல், இஞ்சின் இல்லாமல், ஒரு நெல் மூட்டைக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். அப்படியானால் அதில் எழுந்து நடக்கும் ஒருவர் படகளவு பாரத்தையே இடம் மாற்றுகிறார். இலேசு என்பதற்காகவே நாம் அந்தப் படகை விரும்புகிறோம், இரண்டு பேர் தூக்கிக் கரையேற்றலாம். அந்த இலேசுதான் அதன் ஆபத்தும்.

மாட்டு வண்டில் ஓட்டிய பெரியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து கயிறு தொண்டையை இறுக்கும். அதனால் ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்து அடுக்குவார்கள். வள்ளத்திலும் அதே கணக்குத்தான். தனியே மீன்பிடிக்கப் போகிறவர் பின்னே இஞ்சினருகில் இருக்கிறார். எண்ணெய்க் கானும் அங்கேயே. 25 லீற்றர் பெற்றோல் மட்டும் 18 கிலோ வரும். அணியம் வானத்தைப் பார்க்கிறது. கச்சான் காலத்துப் பின்னேரக் காற்று அந்தத் தூக்கிய அணியத்தைப் பிடித்துத் திருப்பினால் நிலைமை கைமீறிப் போகும். எண்ணெய்க் கானையும் நங்கூரத்தையும் முன்னே வைக்கலாம். அதுவும் போதாவிட்டால் ஒரு கானில் தண்ணீர் நிரப்பி முன்னே வைக்கலாம். செலவு ஒரு சதமும் இல்லை. அதற்காக முன்னே அளவுக்கு மீறி ஏற்றிவிடவும் கூடாது. அணியம் அலைக்குள் குத்தும்.

ஆயினும் முன்பாரம் பின்பாரத்தை விடப் பக்கப்பாரமே ஆட்களைக் கொல்கிறது. படகு சாயும்போது சாய்ந்த பக்கம் நீருக்குள் கூடுதலாக அமிழும். அந்தப் பக்கத்தை நீர் மேலே தள்ள, படகு நிமிரும். பாரம் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கும் வரைதான் இது நடக்கும். சாய்ந்த பக்கத்துக்கே பாரமும் உருண்டு வந்தால் நிமிர்த்தும் வலு தோற்றுவிடும். உள்ளே தேங்கிய தண்ணீர் இப்படி உருளும் பாரங்களுள் மிக மோசமானது, ஏனெனில் எப்போதும் தாழ்ந்த பக்கத்துக்கே அது ஓடும். ஆகவே இறைப்பதற்கு ஒரு வாளி இல்லாமல் கரையை விடக் கூடாது. வலை இழுக்கும்போது இருவரும் ஒரே விளிம்பில் குனிவது எமது குளங்களில் அன்றாடக் காட்சி. வலையும் அந்தப் பக்கம், மீனும் அந்தப் பக்கம், ஆட்களும் அந்தப் பக்கம்! வலை நீருக்கடியில் பட்ட மரக்குற்றியில் சிக்கினால் நாம் இழுப்பது வலையை அல்ல, வள்ளத்தின் விளிம்பையே கீழே இழுக்கிறோம். ஒருவர் இழுக்க மற்றவர் எதிர்ப்பக்கம் குந்தியிருக்க வேண்டும்.

குளத்தில் அலை இல்லையே என்பார்கள். 2009 செப்டெம்பர் 30 இல் கேரளத்தின் தேக்கடியில், முல்லைப்பெரியாறு அணை தேக்கிய நீரில், இரண்டு தட்டுச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் நின்ற மிருகங்களைப் பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாகக் குவிந்ததே உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது. அங்கே புயலும் இல்லை, கடலும் இல்லை.

எமது நாட்டிலும் நடந்தது. 2021 நவம்பர் 23 இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஆட்களை ஏற்றிய மிதவைப் படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் இறந்தனர், பெரும்பாலோர் சிறுவர். பாடசாலைக்குப் போகப் பிள்ளைகளுக்கு வேறு நல்ல வழி கொடுக்கப்படவில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது. ஏழைகள் விருப்பத்தால் படகில் நெருக்கியடிப்பதில்லை. மாரி வெள்ளத்தில் பாதை மூழ்கினால் மீன்பிடி வள்ளமே எமக்கும் பஸ்ஸாகிவிடுகிறது.

இங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது. வள்ளக்காரர் நாலு பேரோடு புறப்படும்போது ஐந்தாவதாக வருபவர் மச்சான். ஆறாவதாக வருபவர் போகத்துக்கு விதைநெல் கடன் தந்தவர். ஏழாவது, மருந்தெடுக்கப் போகும் பெரியம்மா. யாரைக் கீழே விடுவது? “ஏத்தாமப் போறான், பெரிய ஆளாயிட்டான்” என்ற பேச்சு ஊரில் ஆறாத புண். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே வள்ளங்கள் தாழ்கின்றன. பாரம் பற்றித் தெரியாத வள்ளக்காரரை விட, தெரிந்தும் மறுக்க முடியாதவரே அதிகம் என்பது எமது கருத்து.

உதவி வழங்குவோரிடமும் ஒரு சொல் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் இந்த மாவட்டக் கரையெங்கும் படகுகள் வந்திறங்கின. அவசரத்தில் கட்டப்பட்ட சில பாதுகாப்பற்றவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமே அன்று எச்சரித்தது. படகு கையளிக்கும் விழாவில் மாலையும் படமும் உண்டு. உயிர்காப்பு அங்கி பல வேளை இல்லை, எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மரத்தோணி நீர் நிறைந்தாலும் மிதக்கும். அலுமினியம் உள்ளே மிதவை இல்லாவிட்டால் அடிக்குப் போய்விடும். இறுக மூடிய 20 லீற்றர் வெற்றுக் கான் ஒன்று ஏறத்தாழ 20 கிலோவைத் தாங்கும். அப்படியான கான்களை இருக்கைகளுக்குக் கீழே கட்டி வைத்தால், கவிழ்ந்த படகையாவது பிடித்துக்கொண்டு கிடக்கலாம். நீந்தத் தெரிந்தவரும் படகை விட்டுக் கரைக்கு நீந்தப் புறப்படக் கூடாது.

நாம் கேட்பது இதுதான். ஒவ்வொரு வள்ளத்தின் உட்பலகையிலும் ஒரு இலக்கம் எழுதப்பட வேண்டும். இஞ்சின் வள்ளங்களுக்கு அமெரிக்காவில் ஒரு எளிய கணக்குச் சொல்கிறார்கள்: நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்கி, 15 ஆல் பிரிக்க வேண்டும். 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 70; பிரித்தால் நாலு பேர். அதுவும் காற்றில்லாத நாளில். நனைந்த வலையும் இரண்டு மீன்பெட்டியும் ஏறினால் மூன்று பேர். இலக்கத்தை வள்ளக்காரர் தனியே எழுதக் கூடாது, நன்னீர் மீனவர் சங்கம் கூடி எழுத வேண்டும். அப்போது மச்சானை மறுப்பது வள்ளக்காரர் அல்ல, பலகை. அவர் பலகையைக் காட்டினால் போதும், பகை வராது.

ஐப்பசி மழைக்கு முன் சங்கங்கள் கூடும். அளக்கும் நாடா ஒன்றும் கால் லீற்றர் வெள்ளைப் பெயின்ற்றும் கொண்டுவாருங்கள். பெரியம்மாவையும் அழைத்து வாருங்கள்.